சொந்த ஊரில் வாசிக்க ஓர் அட்டை: நியூயார்க் போலீசும் ஜாஸ் இசையும்

1

ஜாஸ் நிகழ்ச்சி பற்றிய அறிவிப்பு நாலு வரிக்கு மேல் இருக்காது. ஆள் பெயர், கிளப்பின் பெயர், எத்தனை மணிக்கு, கூட வாசிக்கிறவர்கள் யார் யார், அவ்வளவுதான். இசை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த நாலு வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு இசைத்தட்டு போதும். எந்தத் தேதியில், எந்தக் கம்பெனிக்கு, யாரோடு பதிவு செய்தார் என்ற பட்டியலே ஒரு கலைஞனின் வாழ்க்கையாகிவிடுகிறது. அந்தப் பட்டியலில் ஆறு வருஷம் ஒரு மனிதன் தன் சொந்த ஊர்க் கிளப்பில் உட்கார்ந்து வாசிக்க முடியாமல் போனது தெரியாது.

1940க்கும் 1967க்கும் இடையில் நியூயார்க்கில் இந்த நாலு வரி அச்சாக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இன்னொரு தாள் வேண்டும். போலீஸ் கொடுக்கிற அடையாள அட்டை. காபரே அட்டை என்று பெயர். காபரே என்றதும் நமக்குச் சினிமா ஆட்டம்தான் ஞாபகம் வரும். நியூயார்க் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. சாப்பாடோ குடியோ விற்கிற இடத்தில் பாட்டு, வாத்தியம், நடனம் ஏதாவது நடந்தால் அந்த இடம் காபரே. ஜாஸ் இசை பிறந்து வளர்ந்ததெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான் என்பதால், அந்த நகரத்தில் இந்த இசையின் கழுத்து போலீசின் கைக்குள் இருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்த அட்டையின் கதையைச் சொல்வதன் மூலம், ஜாஸ் என்பது தனிமனித மேதைமையின் வெளிப்பாடு என்று கட்டப்பட்டிருக்கிற பெரும் கதையாடலைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்க முடியும் என்று தோன்றுகிறது.

2

1926இல் நியூயார்க் நகர நிர்வாகம் காபரே சட்டத்தைக் கொண்டுவந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஹார்லெமில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே கூரைக்குக் கீழே ஆடினார்கள், குடித்தார்கள். ஒழுங்கு குலைகிறது என்ற கூச்சல் எழுந்தது. இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது சட்டம். பிற்பாடு இந்த அதிகாரம் போலீசின் கைக்குப் போனது.

இடத்தைக் கட்டுப்படுத்தியது போதாது, அங்கே வேலை பார்க்கிற ஆட்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1940இல் முடிவு செய்தார்கள். காபரேயில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் போலீசிடம் போய்ப் புகைப்படம் கொடுத்து, கைரேகை வைத்து, காசு கட்டி அட்டை வாங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நகர் மன்றம் கூடி விவாதித்து இயற்றிய சட்டமில்லை இது, போலீஸ் கமிஷனர் போட்ட விதி. நீதிமன்றமும் 1941இல் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. அட்டைக்காக வசூலித்த பணம் போலீஸ்காரர்களின் பென்ஷன் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. கண்காணிக்கப்படுகிறவனே கண்காணிப்பவனின் ஓய்வுக்காலத்துக்குப் படியளக்கிற ஏற்பாடு!

ரவுடிக் கும்பல்களைக் கிளப்புகளிலிருந்து விலக்கி வைக்கத்தான் இந்த விதி என்று சொல்லப்பட்டது. கிளப்புகளில் ரவுடிகளின் பணம் புழங்கியது உண்மை. ஆனால் அவர்கள் இருந்தது முதலாளி நாற்காலியில். அட்டை கேட்கப்பட்டதோ வாத்தியம் வாசித்தவனிடம், பரிமாறியவனிடம், பாத்திரம் கழுவியவனிடம். ஒருவருக்குப் பழைய குற்றப் பதிவு இருந்தால், அதுவும் போதைமருந்து சம்பந்தமாக இருந்துவிட்டால், அட்டை கிடைக்காது, இருந்தாலும் பிடுங்கப்படும். கோர்ட் கொடுத்த தண்டனை முடிந்து வெளியே வந்தவனுக்கு போலீஸ் கொடுக்கிற இரண்டாவது தண்டனை இது. இதற்கு ஆயுள் எவ்வளவு என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்காது.

ஃபூக்கோ சொல்கிற மாதிரி, உடலை வதைத்த அதிகாரம் நவீன காலத்தில் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கறுப்பு உடல்களைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அங்கே கோப்பும் வந்தது, லத்தியும் போகவில்லை.

3

பில்லி ஹாலிடேயின் கதை பலருக்கும் தெரிந்தது. 1947இல் போதைமருந்து வழக்கில் ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறைத் தண்டனை. 1948 மார்ச்சில் விடுதலையாகிறார். அதே மாதம் 27ஆம் தேதி கார்னகி ஹாலில் கச்சேரி. கூட்டம் தாங்காமல் மேடையிலேயே நாற்காலி போட்டு ஆட்களை உட்கார வைத்தார்கள். ஆனால் கார்னகி ஹாலுக்கு ஒரு கல் தொலைவுக்குள் இருந்த 52ஆம் தெருவின் கிளப்புகளில் அவர் சட்டப்படி பாட முடியாது.

இதிலிருக்கிற தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். கச்சேரி அரங்கத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் அட்டை தேவையில்லை. மது பரிமாறுகிற இடத்துக்குத்தான் வேண்டும். அதாவது வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் கனவான்களுக்கு முன்னால் பாடலாம், தினசரி ராத்திரி பாடிப் பிழைக்கக் கூடாது. புகழுக்குத் தடையில்லை, வயிற்றுக்குத்தான் தடை. ஆள்பலம் உள்ளவர்களின் தயவில் சட்டத்தை வளைத்து அவ்வப்போது எங்காவது பாட முடிந்தது. அந்தத் தயவுக்குக் கொடுத்த விலை தனி. மற்றபடி ஊர் ஊராக அலைச்சல். 1959 ஜூலை 17ஆம் தேதி ஆஸ்பத்திரிக் கட்டிலில், அங்கேயே கைது செய்யப்பட்ட நிலையில், தன் 44ஆவது வயதில் அவர் இறந்தபோதும் அந்த அட்டை அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கவில்லை.

சார்லி பார்க்கருக்கு 'பேர்ட்' என்று செல்லப்பெயர். அந்தப் பெயரை வைத்து 1949இல் பேர்ட்லாண்ட் என்ற கிளப்பைத் திறந்தார்கள். 1951இல் அட்டை பறிபோனதும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரருக்கே அங்கே வாசிக்கச் சட்டப்படி உரிமை இல்லாமல் போயிற்று. குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வழியில்லை, பிழைக்க விடுங்கள் என்று 1953இல் அவர் அதிகாரிகளுக்கு எழுதிய மனு இருக்கிறது. நவீன ஜாஸின் இலக்கணத்தையே மாற்றிய ஒருவர் எழுதிய மனு அது. அனுமதிக் கடிதத்தோடு காவல் நிலைய வாசலில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த மனுவின் தொனி புரியும்.

இதே பேர்ட்லாண்ட் வாசலில் 1959 ஆகஸ்ட் 25ஆம் தேதி மைல்ஸ் டேவிஸ் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே அவர் பெயர் எழுதித் தொங்குகிறது. நகர்ந்து போ என்று போலீஸ்காரர் சொன்னார், அவர் நகரவில்லை. மண்டை உடைந்தது, கைதானார், அட்டையும் போயிற்று. இன்றைக்கு உலகத்தில் அதிகம் விற்ற ஜாஸ் இசைத்தட்டுகளில் ஒன்றாகிய 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கடைக்கு வந்து அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது. வழக்கு பிற்பாடு நிற்கவில்லை.

4

இனி தெலோனியஸ் மங்க். நம் வாதத்துக்கு மையமானவர் இவர்தான்.

1917இல் வட கரோலினாவில் பிறந்தவர். 1922இல் குடும்பம் நியூயார்க்குக்கு வந்து மன்ஹாட்டனின் மேற்கு 63ஆம் தெருவில், சான் ஹுவான் ஹில் என்ற கறுப்பர் குடியிருப்பில் தங்கியது. வாழ்நாளின் பெரும்பகுதி மங்க் அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. 1940களின் தொடக்கத்தில் ஹார்லெமில் மின்ட்டன்ஸ் ப்ளேஹவுஸில் நிரந்தரப் பியானோக்காரர். பீபாப் என்று பிற்பாடு பெயர் வாங்கிய இசை அங்கே ராத்திரி ராத்திரியாகச் சேர்ந்து வாசித்தபோதுதான் உருவாயிற்று. சங்கத்து உறுப்பினர்கள் கூலியில்லாமல் கூடி வாசித்தால் சங்கம் அபராதம் போடும். மின்ட்டன்ஸை நடத்திய ஹென்றி மின்ட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் 802ஆம் கிளையின் முதல் கறுப்புப் பிரதிநிதியாக இருந்தவர். அதனால் அங்கே அபராதம் போடாமல் விட்டார்கள். ஒரு இசை பிறப்பதற்கு மேதைகள் மட்டும் போதாது, யாரும் துரத்தாத ஓர் அறையும் வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

1951 ஆகஸ்டில் மங்க்கும் பட் பவலும் இருந்த காரில் ஹெராயின் அகப்பட்டது. நண்பனைக் காட்டிக்கொடுக்க மங்க் மறுத்துவிட்டார் என்பது அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் சொல்வது. அறுபது நாள் ரைக்கர்ஸ் தீவுச் சிறை. வெளியே வந்தபோது அட்டை இல்லை. 1957 வரை இல்லை. புரூக்ளினிலும் பிராங்க்ஸிலும் சில சின்ன இடங்களில் விதியைக் கண்டுகொள்ளாமல் வாசித்தார். வெளியூர் போனார், 1954இல் பாரிஸ் போனார். மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார்.

இந்த ஆறு வருஷத்தை விமர்சகர்கள் எப்படிப் படித்தார்கள்? மங்க்கின் இசை கடினமானது, காலத்துக்கு முந்தியது, ஆகவே ஜனங்கள் வரவில்லை என்று படித்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனி விற்பனைக்காக 'பீபாப்பின் தலைமைப் பூசாரி' என்று ஏற்கனவே ஒரு வேஷம் கட்டிவிட்டிருந்தது. தொப்பி, தாடி, பேசாமை, விநோத நடை எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. ஒதுங்கி வாழ்கிற விசித்திர மேதை என்ற பிம்பம் தயாராயிற்று. நிர்வாகம் செய்த ஒதுக்கலை அழகியல் ஒதுக்கமாக மொழிபெயர்த்துவிட்டார்கள். போலீஸ் வேலையைப் பாதி விமர்சனமே முடித்துக்கொடுத்தது எனலாம். 1963இல் 'ஜாஸும் வெள்ளை விமர்சகனும்' என்ற கட்டுரையில் அமிரி பராக்கா, அப்போது லெராய் ஜோன்ஸ், கிளப்பிய சண்டை இதோடு தொடர்புடையது. சுரத்தை மட்டும் பார்த்து அதை வாசிக்கிறவனின் வாழ்வைப் பார்க்காத ரசனையை அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

5

சரி, கிளப் இல்லாவிட்டால் என்ன, ஒலிப்பதிவு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் மங்க் பதிவு செய்யாமல் இல்லை. இங்கே இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது 1956 இறுதி. 'பிரில்லியண்ட் கார்னர்ஸ்' என்ற இசைத்தட்டு. சோனி ராலின்ஸ், மாக்ஸ் ரோச், ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் போன்ற பெரிய கைகள். தலைப்புப் பாட்டை இருபதுக்கும் மேற்பட்ட முறை முயன்றும் முழுசாக ஒரு தடவை வாசித்து முடிக்க முடியவில்லை. கடைசியில் தயாரிப்பாளர் துண்டுகளை ஒட்டித்தான் அதை உருவாக்கினார். பாட்டு கடினம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அந்த இசையைத் தினமும் வாசித்துக் கைக்குள் கொண்டுவர அந்தக் குழுவுக்கு ஓர் இடமோ ராத்திரிகளோ இருக்கவில்லை.

இரண்டாவது 1957 கோடை. மங்க்கின் மேலாளர் ஹாரி கொலம்பி, ஒரு பள்ளி ஆசிரியர். அவரும் மங்க்கின் தோழி பன்னோனிகாவும் வக்கீலை வைத்து அலைந்து அட்டையை மீட்கிறார்கள். கூப்பர் ஸ்கொயரில் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன மதுக்கடை. டெர்மினி சகோதரர்கள் நடத்தியது. ஏழை ஓவியர்களும் கவிஞர்களும் வருகிற இடம். ஜூலையில் மங்க் அங்கே ஆரம்பிக்கிறார். சில நாளில் ஜான் கோல்ட்ரேன் சேர்கிறார். அதே வருஷம் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, போதைப் பழக்கத்தை உதறிக்கொண்டிருந்தவர். பகலில் மங்க் வீட்டுக்குப் போவார், பியானோ பக்கத்தில் நின்று பாட்டைக் கற்பார். ராத்திரி கிளப்பில் மங்க் நடுவில் எழுந்து ஆடப் போய்விடுவார். பாஸும் டிரம்மும் மட்டும் கூட வர, கோல்ட்ரேன் தனியாக நீந்த வேண்டும். அடுத்த நாள் அதே கடை, அதே பாட்டு, வேறு தப்பு, வேறு வழி. இப்படி வருஷக் கடைசி வரைக்கும் நடந்தது. பிற்காலத்துக் கோல்ட்ரேன் என்று உலகம் அறிந்தவர் உருவானதில் இந்த ராத்திரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை அவரே சொல்லியிருக்கிறார்.

கூட்டு வாசிப்பு என்பது இரண்டு பெயர்களை ஒரு அட்டைப்படத்தில் அச்சடிப்பது இல்லை. அது உழைப்பு. தினசரி, உள்ளூரில், ஒரே கூரைக்குக் கீழே, ஒருவர் பிழையை இன்னொருவர் தாங்கிச் செய்கிற உழைப்பு. காபரே அட்டை குறிவைத்தது இந்த உழைப்பை. 1957இன் ஆறு மாதம் இவ்வளவு தந்ததென்றால், 1951 முதல் பறிக்கப்பட்ட ஆறு வருஷம் எதையெல்லாம் தந்திருக்கும்? இசைத்தட்டுப் பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

6

1957 நவம்பர் 29ஆம் தேதி கார்னகி ஹாலில் ஒரு சமூக மையத்துக்கான நிதிக் கச்சேரி. மங்க்கும் கோல்ட்ரேனும் வாசித்தார்கள். அதே நிகழ்ச்சியில் அட்டையில்லாத பில்லி ஹாலிடேயும் பாடினார். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி இதைப் பதிவு செய்து வைத்தது. அந்த நாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து 2005இல்தான் கண்டெடுக்கப்பட்டு இசைத்தட்டாக வந்தது.

அரசாங்க வானொலிக்கு ஜாஸ் என்னத்துக்கு? பனிப்போர். 1956இல் டிஸி கில்லெஸ்பியின் குழுவை அமெரிக்க வெளியுறவுத் துறை நாடு நாடாக அனுப்பத் தொடங்கியது. எங்கள் நாட்டில் இனவெறி இல்லை, பாருங்கள் சுதந்திரத்தின் இசையை என்று காட்ட வேண்டியிருந்தது. 1958இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு இதே ஏற்பாட்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது, நம் சென்னையிலும் வாசித்தது. அதில் பாஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பர். அவரை மாற்றினால்தான் கச்சேரி என்று 1960இல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் சொல்லின. புரூபெக் மறுத்தார். அந்தச் சுற்றுப்பயணத்தின் பெரும்பாலான கச்சேரிகள் ரத்தாயின. சென்னையில் வாசிக்க முடிந்தவருக்கு ஜார்ஜியாவில் முடியவில்லை. ஏற்றுமதிச் சரக்குக்கு இருக்கிற மரியாதை உள்ளூர் ஆளுக்கு இல்லை.

புரூபெக் வெளிநாட்டுப் பயணம் போன அதே 1958இன் அக்டோபரில் மங்க், பன்னோனிகா, சாக்ஸபோன் கலைஞர் சார்லி ரவுஸ் மூவரும் காரில் பால்டிமோருக்கு வாசிக்கப் போனார்கள். டெலவேர் மாநிலத்தில் ஒரு விடுதியில் தண்ணீர் கேட்க மங்க் இறங்கினார். போலீஸ் வந்தது. காரை விட்டு இறங்க மறுத்தவரைக் கையிலேயே அடித்தார்கள். பியானோ வாசிக்கிற கை. அட்டை மறுபடியும் போயிற்று. 1960இல்தான் திரும்பக் கிடைத்தது.

7

எதிர்ப்பே இல்லாமல் இல்லை. ஃபிராங்க் சினாட்ரா கைரேகை வைக்க மறுத்து நியூயார்க் கிளப்புகளில் பாடாமலே இருந்தார். அவருக்குக் கட்டுபடியாகும். டிராம்போன் கலைஞர் ஜே.ஜே. ஜான்சன் உள்ளிட்டவர்கள் மாக்ஸ்வெல் கோஹன் என்ற வக்கீலோடு 1959இல் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜான்சனுக்கு அட்டை கிடைத்தது, விதி அப்படியே நின்றது. 1960இல் லார்ட் பக்லி என்ற வெள்ளை நகைச்சுவைக் கலைஞரின் அட்டையைப் பறித்தார்கள். சில வாரத்தில் அவர் இறந்தார். அதன் பிறகுதான் பத்திரிகைகளும் பிரமுகர்களும் விழித்துக்கொண்டார்கள். இருபது வருஷமாகக் கறுப்புக் கலைஞர்கள் பட்டது செய்தியாகவில்லை. 1967இல் அட்டை ஒழிந்தது.

சட்டம் ஒழியவில்லை. லைசென்ஸ் இல்லாத சின்னக் கடைகளில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது, அதுவும் பியானோ, தந்தி வாத்தியம் மாதிரியானவைதான், ஊதுகிற வாத்தியமும் டிரம்மும் கூடாது என்ற விதி இருந்தது. எந்த வாத்தியங்கள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை. வைப்ரஃபோன் கலைஞர் வாரன் சியாசனும் சக கலைஞர்களும் சட்டப் பேராசிரியர் பால் செவிக்னியின் துணையோடு வழக்காடி, 1986இல் வாத்தியத் தடையையும் 1988இல் எண்ணிக்கைத் தடையையும் உடைத்தார்கள். மிச்சமிருந்த காபரே சட்டம் 2017இல்தான் ரத்தானது.

மங்க் 1982இல் இறந்தார். அடுத்த வருஷம் அவர் தெருவின் மூலைக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2006இல் புலிட்சர் சிறப்பு விருதும் வந்தது. சான் ஹுவான் ஹில்லின் பெரும்பகுதியை லிங்கன் சென்டர் கட்டுவதற்காக இடித்து, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களை வெளியேற்றியிருந்தார்கள். அந்த லிங்கன் சென்டரின் பெயரில் இன்றைக்கு ஜாஸுக்கு நிரந்தர அரங்கம் இருக்கிறது. ஆளைத் துரத்திவிட்டு அவன் இசைக்கு மண்டபம் கட்டுவது அதிகாரத்துக்குச் சிரமமான காரியமில்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். மங்க், பார்க்கர், ஹாலிடே என்று பெயர் சொல்லிப் பேச நமக்கு இசைத்தட்டுகள் இருக்கின்றன. அதே வரிசையில் நின்று கைரேகை வைத்த சமையல்காரர், பரிமாறியவர், பாத்திரம் கழுவியவர் எத்தனை பேருக்கு அட்டை பறிபோயிற்று, அவர்கள் குடும்பம் என்ன ஆயிற்று என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. மேதைகளுக்கு இழைத்த அநீதி என்று மட்டும் இதைப் படித்தால், மேதை இல்லாதவனின் அட்டையைப் பிடுங்கலாம் என்று நாமும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.